இருவர் பெயரில் ஒரு கடன்

அத்தியாயம் 17

போன வாரம் ஜனீனைச் சம்பளச் சீட்டும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். ஏப்ரல் சம்பளத்தில் தொண்ணூற்றைந்து பவுண்ட் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கும் பாலின் செவ்வாய்க்கிழமைதான் வருவாள்.

இன்று செவ்வாய்க்கிழமை.

கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் தொழிற்சாலையில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். தலையில் வலை, காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், கையில் நீலக் கையுறை. ஜனீன் ஹாடக் மீன் துண்டுகளைத் தடவித் தடவி முள் எடுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது.

டீ இடைவேளை மணி அடித்ததும் டீயை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

பாலின் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"குறைச்சது நாங்க இல்லம்மா. உன் டாக்ஸ் கோட் மாறியிருக்கு. வரி ஆபீஸ் என்ன கோட் அனுப்பறாங்களோ அதைப் போட்டுப் பிடிக்கிறதுதான் எங்க வேலை."

"எதுக்கு மாத்தினாங்க?"

"உனக்கு லெட்டர் வந்திருக்குமே."

வந்திருக்கும். பழுப்பு உறை எது வந்தாலும் ஜனீன் பிரிக்க மாட்டாள். சமையலறை டிராயருக்குள் தள்ளி மூடிவிடுவாள். கிளென்னோடு குடும்பம் நடத்திய காலத்தில், பழுப்பு உறை வந்த அன்றைக்கெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று உடையும். தட்டு, கதவு, ஒரு தடவை அவளுடைய மணிக்கட்டு. ஊர் மாறி வந்த பிறகும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை.

பாலின் குரலைத் தணித்தாள். "டாக்ஸ் கிரெடிட் ஏதாவது வாங்கினியா, வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்கற பணம், பிள்ளை சின்னதா இருந்தப்ப? அதுல கூடுதலா வாங்கியிருந்தா இப்படித்தான் கோட்டை மாத்தி மாசாமாசம் எடுத்துக்குவாங்க. என் தங்கச்சிக்கும் ஆச்சு. சாகற அளவுக்கு ஒண்ணும் இல்ல. போன் பண்ணிக் கேளு."

வாங்கியிருந்தாள். மகள் ஷானன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, பழைய ஊரான சண்டர்லேண்டில். கிளென் பெயரும் அவள் பெயரும் சேர்ந்த விண்ணப்பம். கிளென் வாரக் கடைசியில் இன்னொரு கம்பெனிக்கும் லாரி ஓட்டினான். அந்த வருமானத்தை எழுத வேண்டாம் என்று சொன்னவன் அவன். கையெழுத்துப் போடும்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றவனும் அவன்தான்.

மாடிப்படி இறங்கினாள். ஜெயில் என்ற சொல் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

*

பூட்ஸ் மாற்றும் அறையில் யாரும் இல்லை. ஜனீன் ஈர பெஞ்சில் உட்கார்ந்து வரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். சங்கீதம் முடிந்து, மறுபடி சங்கீதம் வந்து, கடைசியில் ஒரு பையன் குரல், ஸ்காட்லாந்துப் பேச்சு. பிறந்த தேதி கேட்டான், பெயர் கேட்டான்.

"ஆமாங்க, பழைய டாக்ஸ் கிரெடிட்தான். ரெண்டு பேர் சேர்ந்து போட்ட விண்ணப்பம். அதனால ரெண்டு பேருமே பொறுப்பு. ஆளுக்குப் பாதி. உங்க பாதியைத்தான் உங்க சம்பளத்துல பிடிக்கிறோம். இந்த வரி வருஷத்தோட முடிஞ்சிரும்."

"என்னை கோர்ட்டுக்கு இழுப்பீங்களா?"

"இது திருப்பிக் கட்டற விஷயம்தாங்க. மாசம் இவ்வளவு முடியாதுன்னா சொல்லுங்க, குறைக்க வழி இருக்கு. அந்த விண்ணப்பத்துல உங்களைக் கட்டாயப்படுத்தினாங்கன்னா, நடந்ததை எழுதி அனுப்புங்க. படிச்சுப் பாப்பாங்க."

அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. உடனே இன்னொன்று உறைத்தது.

"அவரோட பாதிக்கு அவருக்கும் எழுதியிருப்பீங்களா?"

"பொதுவா ரெண்டு பேருக்கும் போகும்."

"என் அட்ரஸ்..."

"அது போகாதுங்க. ஒருத்தர் விவரத்தை இன்னொருத்தருக்குச் சொல்ல மாட்டோம்."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கிளென்னுக்கு அவள் நினைப்பு வந்திருக்கும். அதுதான் பயம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் லாரியோடு வெளியூர் போயிருந்த ஒரு காலையில், பதின்மூன்று வயது ஷானனையும் இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறியவள் அவள். அன்றிலிருந்து அவனைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. மறந்துவிட்டான் என்றே நம்பத் தொடங்கியிருந்தாள். இப்போது அவன் சம்பளத்திலும் கை வைத்திருக்கிறார்கள். தன் பணத்தில் ஒரு பென்னி குறைந்தாலும் யாராவது அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவன்.

ஷானனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். இந்தத் தடவை ஒரே மணியில் யாரோ துண்டித்தார்கள்.

ஷானன் வேலை பார்ப்பது கிளீதோர்ப்ஸ் கடற்கரைச் சாலையில் ஒரு முடிதிருத்தும் கடையில். கடைக்கே போன் போட்டாள். முதலாளியம்மா கெய்னர்தான் எடுத்தாள்.

"ஷானனா? சாப்பிடப் போயிருக்காளே. அவங்கப்பா வந்தார் இல்ல, கூட்டிட்டுப் போனார். உன் வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதையான மனுஷன், ஜனீன். எனக்கும் ஒரு டப்பா சாக்லேட் வாங்கிட்டு வந்தார்."

ஜனீன் போனை வைத்தாள். பூட்ஸை மாற்றினாள். மேற்பார்வை பார்க்கும் ட்ரெவர் எதிரே வந்தார்.

"இடைவேளை எப்பவோ முடிஞ்சு போச்சும்மா."

"ட்ரெவர், நான் போகணும். என் பொண்ணு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "போ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

*

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஜனீன் மேல்கோட்டுக்குள் மீன் வாடையோடு உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தான்? வழி ஒன்றுதான் இருந்தது. அதை யோசிக்காமல் இருப்பதற்காக ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடல் உள்வாங்கிப் போய் வெறும் சேறு பளபளத்தது.

கடற்கரைச் சாலையில் மீனும் சிப்ஸும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். மூன்றாவது கடையின் கண்ணாடி வழியே ஷானனின் சிவப்புச் சாயம் போட்ட தலை தெரிந்தது. எதிரே ஒரு அகலமான முதுகு.

ஆறு வருஷமானாலும் அந்த முதுகை அவளால் மறக்க முடியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போகாமல் போலீசைக் கூப்பிடலாம். என்னவென்று சொல்வது? ஓர் அப்பா மகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறார் என்றா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வா கண்ணு," என்றான் கிளென், தலையைத் திருப்பாமலே. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். "உக்காரு. டீ சொல்லட்டுமா? ரெண்டு சர்க்கரை, இல்ல?"

தலை நரைத்திருந்தது. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. குரல் அதே குரல், தாழ்ந்து, பொறுமையாக. அவன் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை.

ஷானன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் மீன் அப்படியே இருந்தது. அவளுடைய போன் மேஜைமேல் கிளென்னின் உள்ளங்கைக்குக் கீழே கிடந்தது.

"ஷானன், எழுந்திரு. போலாம்," என்றாள் ஜனீன்.

"அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. வந்த உடனே அதிகாரம் பண்ணாத. நான் சண்டைக்கு வரல, ஜன். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஸ்டேசின்னு பேரு. குழந்தை பொறந்திருக்கு. நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கணும்னுதான் ஆசைப்படறேன்."

"என்ன வேணும் உனக்கு?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீவி வைத்தான். டைப் அடித்த நாலு வரி. டாக்ஸ் கிரெடிட் பணம் முழுவதையும் வாங்கிச் செலவழித்தது ஜனீன்தான். பொய் எழுதியதும் அவள்தான். கிளென்னுக்கு எதுவும் தெரியாது. கீழே அவள் பெயர், மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல கையெழுத்துப் போடு. நான் கிளம்பிடறேன். மறுபடி இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"இதை வரி ஆபீஸ் ஒத்துக்காது. ஆளுக்குப் பாதின்னு சொல்லிட்டாங்க. நான் இன்னிக்குதான் பேசினேன்."

"வரி ஆபீசுக்கு யார் குடுக்கப்போறா?" அவன் புன்னகைத்தான். "ஸ்டேசி என் சம்பளச் சீட்டையும் வரி ஆபீஸ் லெட்டரையும் பாத்துட்டா. இது என்ன பிடித்தம், யார் இந்த ஜனீன், எதுக்கு உன் பேரு அவ பேரோட இருக்குன்னு ஒரே கேள்வி. சொன்னா நம்ப மாட்டேங்கறா. எழுத்துல பாத்தா நம்புவா."

ஜனீனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் தாள் ஒரு பெண்ணின் வாயை அடைக்க. சண்டர்லேண்டில் ஒரு சமையலறையில் யாரோ ஒருத்தி கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.

"போடலன்னா?"

"போடலன்னா என்ன? ஒண்ணுமில்ல." அவன் ஒரு சிப்ஸை எடுத்து வினிகரில் தோய்த்தான். "என் பொண்ணை அடிக்கடி வந்து பாப்பேன். கடை எங்கன்னுதான் தெரிஞ்சு போச்சே. கெய்னர் ரொம்ப நல்லவங்க."

பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டான். அவள் கை தானாக நகர்ந்தது. பழைய கை அது. சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியது. பேனாவைத் தொட்டும்விட்டாள்.

அப்போது ஷானன் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, என் போனைத் தரீங்களா? அம்மா கூப்பிட்டப்ப ஏன் கட் பண்ணீங்க?"

"சாப்பிடும்போது போன் எதுக்கு, ஷான்?"

போன் இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் விரல்கள் மட்டும் அதன்மேல் இறுகின. ஷானன் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

ஜனீன் பேனாவை விட்டுவிட்டாள். எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு போனைக் குடு."

"உக்காரு, ஜன்."

"என் பொண்ணு போனைக் குடு." இந்தத் தடவை குரல் கடை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜை வயசாளித் தம்பதி திரும்பினார்கள். கல்லாவில் இருந்த பெண் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

பிறர் பார்வை படுவது கிளென்னுக்கு எப்போதுமே ஆகாது. முகத்தில் சிரிப்பு மாறாமலே போனை மேஜையில் தள்ளிவிட்டான். ஷானன் அதை வாரி எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் வந்துவிட்டாள்.

"என் பாதி என் சம்பளத்துல போய்க்கிட்டிருக்கு," என்றாள் ஜனீன். "உன் பாதியை நீ கட்டு. உன் பொய்யை நீ சுமந்துக்கோ. இனிமே உன் பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி கண்ணு," என்றான் அவன் அமைதியாக. தாளை மடித்துப் பையில் வைத்தான். "பாக்கலாம்."

*

பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் இருவரும் தங்கள் நிறுத்தத்தில் இறங்கவில்லை. முன்னாலேயே இறங்கி, சூப்பர் மார்க்கெட்டின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்து, சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார்கள். ஜனீன் கதவுச் சங்கிலியை மாட்டினாள். போலீசுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நாளைக் காலை ஆள் வரும் என்றாள், அதற்குள் அவன் வாசலில் தெரிந்தால் உடனே அவசர எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னாள்.

ஷானன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து மெசேஜ் பண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றாள். "நான்தான் தேடிப் பிடிச்சேன். வேலை செய்யற கடை பேரைச் சொன்னேன். சத்தியமா வீட்டு அட்ரஸ் சொல்லல."

"ஏண்டி?"

"தெரியல. எனக்கு ஒரு தங்கச்சி பொறந்திருக்கான்னு போட்டோ அனுப்பினார். மாறியிருப்பார்னு நினைச்சேன். அம்மா, எனக்கு எதுவுமே சரியாத் தெரியாது. நீ எதுவும் சொன்னதும் இல்ல."

ஜனீனுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வழி தெரியாமல் நின்றது.

"நான் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அடி வாங்குவேன்," என்றாள். "நீ பாக்கக் கூடாதுன்னு. சத்தம் வராம. நீ பாக்காததனாலதான் இன்னிக்கு அவரோட சாப்பிடப் போயிட்ட. உன்னைச் சொல்லி என்ன பண்ண?"

ஷானன் அழுதாள். ஜனீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மீன் வாடை வீசும் கோட்டிலேயே மகள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நன்றாக இருட்டிய பிறகு, டீ போட எழுந்தபோது ஷானனின் போன் அடித்தது. தெரியாத எண். இருவரும் அதைப் பார்த்தார்கள். ஜனீன்தான் எடுத்தாள், எடுத்தவள் பேசவில்லை.

"ஷானனா?" ஒரு பெண் குரல், அவசரமாக, அடங்கி. பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. "நான் ஸ்டேசி. கிளென்னோட... அவரோட பழைய டேப்லெட்ல உன் நம்பர் இருந்துச்சு. உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"நான் அவ அம்மாதான்."

"அக்கா, நான் கூப்பிட்டேன்னு சொல்லிராதீங்க. அந்த வரி ஆபீஸ் பேப்பர்ல உங்க பேரைப் பாத்தேன். நீங்க பணத்தைத் தூக்கிட்டு ஓடிப்போனதா சொல்றார். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். உங்ககிட்டயும் இப்படித்தான் இருந்தாரா?"

ஷானன் எதிரே நின்று தலையை ஆட்டினாள். பேசாதே. உதடு மட்டும் அசைந்தது: அவர்தான் பேச வைக்கிறார்.

இருக்கலாம். தாளில் கிடைக்காததை வாய் வழியே பிடுங்கப் பார்க்கலாம். ஜனீன் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஆமா," என்றாள்.

"நீங்க எப்படி வெளிய வந்தீங்க?" என்று ஸ்டேசி கேட்கும்போதே, தூரத்தில் கதவு திறக்கும் ஓசை. சாவிக்கொத்து எதன்மேலோ விழுந்தது.

உடனே ஸ்டேசியின் குரல் மாறியது. பளிச்சென்று, சந்தோஷமாக, கொஞ்சம் உரத்து.

"சரிங்க சிஸ்டர், குழந்தைக்கு ஊசி நாளைக்கேவா? வந்துடறேன். ஒரு நிமிஷம், எந்த இடத்துக்கு வரணும்னு மட்டும் சொல்லிருங்க."

அந்தக் குரல் ஜனீனுக்குத் தெரியும். கதவு திறக்கிற ஓசை கேட்டதும் வரவழைத்துக்கொள்கிற குரல். சண்டர்லேண்டில் அவளும் அப்படித்தான் பேசியிருக்கிறாள், வருஷக்கணக்காக. யாரும் அதைச் சொல்லிக்கொடுத்துப் பேச வைக்க முடியாது.

"யாரு போன்ல?" என்று ஒரு தாழ்ந்த, பொறுமையான குரல் அங்கே கேட்டது.

ஷானன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜனீன் போனைக் காதோடு அழுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"கிரிம்ஸ்பி. ரயில்வே ஸ்டேஷன் வாசல். குழந்தையைத் தூக்கிட்டு வா. எத்தனை மணி ஆனாலும் நான் அங்க நிப்பேன்."

"சரிங்க சிஸ்டர், ரொம்ப நன்றி," என்றாள் ஸ்டேசி.

போன் அடங்கியது. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை.